போலந்தின் பொறியாளர்கள், ஒலியியலாளர்கள், கணிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைப்பேசிக்குள் இருக்கும் சிலிக்கான் சில்லு, சாலைப் பாலத்தின் வெல்டிங், ஓர் எஃகுப் பாகம் சுமை தாங்குமா என்று கணினி சொல்லும் சூத்திரம், தரவுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் முறை. இவை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு போலந்துக்காரர் நிற்கிறார். நம் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர்கள் அடைப்புக்குறிக்குள்கூட வருவதில்லை. திறமைக் குறைவு அதற்குக் காரணமே இல்லை. நாடு இல்லாமல் போனது, எல்லை மாறியது, போர் வந்தது, ஆட்சி மாறியது. ஒவ்வொரு முறையும் இந்த மனிதர்கள் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வேலை உலகெங்கும் போய்ச் சேர்ந்தது, பெயர் வழியிலேயே தங்கிவிட்டது. பொறியியல், கணிதம் படிக்கும் மாணவர்கள் இவர்களைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லோரையும் சமமாக நடத்தவில்லை. சிலரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: போலந்து என்ற நாடே 100 ஆண்டுகளுக்கு மேல் இல்லை என்கிறார்களே, அப்போது பொறியாளர்கள் எங்கே உருவானார்கள்?

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை வரைபடத்தில் அந்த நாடு கிடையாது. எனவே ஒரு போலந்து இளைஞர் பொறியியல் படிக்க வேண்டுமானால் பாரிஸுக்கோ பீட்டர்ஸ்பர்க்குக்கோ போக வேண்டும். படித்த பிறகு வேலையும் பெரும்பாலும் வெளியில்தான். எர்னெஸ்ட் மலினோஃப்ஸ்கி பாரிஸில் படித்துவிட்டு பெரு நாட்டுக்குப் போனார். 1870இல் தொடங்கி, ஆண்டிஸ் மலையில் 4,700 மீட்டருக்கும் மேலே ஏறும் ரயில் பாதையை அமைத்தார். திபெத் பாதை வரும் வரை உலகின் மிக உயரமான ரயில் பாதை அதுதான். ருடால்ஃப் மொஜெயெஃப்ஸ்கி, புகழ்பெற்ற நடிகையான தன் தாயோடு அமெரிக்கா போய், பாரிஸில் பொறியியல் முடித்து, ரால்ஃப் மொஜெஸ்கி என்ற பெயரில் அமெரிக்காவின் முதல் வரிசைப் பாலப் பொறியாளர்களில் ஒருவரானார். 1926இல் திறக்கப்பட்ட ஃபிலடெல்ஃபியாவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலம் அவர் தலைமையில் உருவானது.

உள்நாட்டிலேயே போலிஷ் மொழியில் உயர்கல்வி நடந்தது பெரும்பாலும் ஆஸ்திரியப் பகுதியில்தான். கிராகோவ் பல்கலைக்கழகமும் லுவூஃப் பாலிடெக்னிக்கும் அங்கே இருந்தன. கீழே வரும் பெரும்பாலான பெயர்கள் இந்த இரண்டு நகரங்களில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டிருப்பது தற்செயல் அல்ல.

கேள்வி: லுவூஃப் எந்த நாட்டில் இருக்கிறது? வரைபடத்தில் காணவில்லையே?

இன்றைய உக்ரைனின் லிவீவ் நகரம்தான் அது. ஆஸ்திரியர்கள் லெம்பெர்க் என்றார்கள். இரு உலகப் போர்களுக்கு இடையில் போலந்து, 1939இல் சோவியத், 1941இல் ஜெர்மனி, 1944இல் மீண்டும் சோவியத். வீடு மாறாமலே நான்கு ஆட்சிகளைப் பார்த்த பேராசிரியர்கள் அங்கே உண்டு.

கேள்வி: பகுப்பாய்வு மென்பொருளில் "வான் மீசஸ் தகைவு" என்று வருகிறது. அதற்கும் போலந்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. (தகைவு என்பது பொருளுக்குள் ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் விசை.) அந்தக் கருத்தைத் தெளிவாக எழுதி முதலில் அச்சிட்டவர் மக்ஸிமிலியன் டிடுஸ் ஹூபர்.

ஓர் எஃகுத் துண்டை ஒரே திசையில் இழுத்தால், எந்த அளவில் அது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் என்பதைச் சோதனைக்கூடத்தில் அளந்துவிடலாம். ஆனால் உண்மையான எந்திரப் பாகம் ஒன்றை ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள், முறுக்குகிறார்கள், அழுத்துகிறார்கள். அப்போது எது எல்லை? ஹூபர் இப்படிப் பார்த்தார். பொருளுக்குள் சேரும் ஆற்றலை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பங்கு பருமனை மாற்றுகிறது, மறு பங்கு வடிவத்தை மாற்றுகிறது. எல்லாப் பக்கமும் சமமாக அழுத்தினால் உலோகம் சற்றுச் சுருங்கும், உருக்குலையாது. எனவே ஆபத்தைக் கணக்கிட இரண்டாவது பங்கை மட்டும் பார்த்தால் போதும். சிக்கலான தகைவு நிலையை ஒரே எண்ணாகச் சுருக்கி, சோதனைக்கூட அளவோடு ஒப்பிடும் வழி இதிலிருந்து பிறக்கிறது.

இதை அவர் 1904இல் லுவூஃபிலிருந்து வெளிவந்த ஒரு தொழில்நுட்பப் பத்திரிகையில், போலிஷ் மொழியில் எழுதினார். ரிச்சர்ட் வான் மீசஸ் 1913இல் ஜெர்மன் மொழியில் இதே நிபந்தனைக்கு வேறு வழியில் வந்தார். ஹென்கி 1924இல் அதற்கு ஆற்றல் விளக்கம் தந்தார். மேக்ஸ்வெல் 1856இலேயே ஒரு கடிதத்தில் இந்த எண்ணத்தைத் தொட்டிருக்கிறார், ஆனால் அது அப்போது அச்சேறவில்லை. யாரும் யாரிடமும் திருடவில்லை. ஐரோப்பியப் பொறியாளர்கள் வாசித்த மொழி ஜெர்மன், அவ்வளவுதான். இன்று போலந்துப் பாடநூல்கள் ஹூபர், மீசஸ், ஹென்கி என்று மூவரையும் சேர்த்தே சொல்கின்றன. நம் வகுப்புகளிலும் அப்படிச் சொல்வதுதான் நியாயம் என்பது என் கருத்து.

ஹூபரின் வாழ்க்கையும் இதே போல் துண்டு துண்டானது. லுவூஃபில் பேராசிரியர், முதல் உலகப் போரில் ரஷ்யர்களிடம் போர்க்கைதி, திரும்பி வந்து பாலிடெக்னிக்கின் ரெக்டர் (தலைவர்), 1928 முதல் வார்சாவில், இரண்டாம் போர் முடிந்ததும் இடிபாடுகளுக்கு நடுவே கிதான்ஸ்கில், கடைசியாக கிராகோவில். 1950இல் இறக்கும் வரை பாடம் நடத்துவதை அவர் விடவில்லை.

கேள்வி: சோஹ்ரால்ஸ்கி முறை என்று படிக்கிறோம். அவர் பேனாவை உருகிய உலோகத்தில் தோய்த்தார் என்பது உண்மையா?

அப்படித்தான் சொல்லப்படுகிறது, அவருடைய ஆய்வின் போக்கோடும் அது பொருந்துகிறது. ஆண்டு 1916, இடம் பெர்லினில் ஏ.இ.ஜி. என்ற மின்சாதன நிறுவனத்தின் உலோக ஆய்வுக்கூடம். உலோகங்கள் எவ்வளவு வேகத்தில் படிகமாகின்றன என்று யான் சோஹ்ரால்ஸ்கி ஆராய்ந்துகொண்டிருந்தார். மேசையில் உருகிய வெள்ளீயம் ஆறிக்கொண்டிருந்தது, பக்கத்தில் மைக்கூடு. குறிப்பெழுதும் கவனத்தில் பேனாவை மைக்குப் பதிலாக வெள்ளீயத்தில் விட்டுவிட்டார். வெளியே எடுத்தபோது முனையிலிருந்து ஒரு மெல்லிய உலோக இழை தொங்கியது.

வேறொருவர் பேனாவைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பார். அவர் அந்த இழையைச் சோதித்தார். அது முழுவதும் ஒரே படிகம். சாதாரண உலோகம் கோடிக்கணக்கான சிறு படிகத் துகள்கள் தாறுமாறாக ஒட்டிய கட்டி. இதிலோ அணுக்களின் வரிசை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை உடையவே இல்லை. பேனாவின் முள்ளில் இருக்கும் பிளவில்தான் படிகம் பிடித்திருந்தது. முள்ளை எடுத்துவிட்டு நுண்குழாய் ஒன்றைப் பொருத்தி, சீரான வேகத்தில் மேலே இழுக்கும் கருவியைச் செய்தார். எந்த வேகத்துக்கு மேல் இழுத்தால் இழை அறுகிறதோ, அதுதான் அந்த உலோகத்தின் படிகமாதல் வேகம். அவருக்கு வேண்டியிருந்தது அந்த அளவீடுதான். கட்டுரை 1918இல் வந்தது.

அதன் பெரும் பயனை அவர் தேடவில்லை, தேடவும் முடியாது. டிரான்சிஸ்டர் அப்போது பிறக்கவில்லை. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்டன் டீலும் லிட்டிலும் இந்த முறையைக் கொண்டு ஜெர்மானியம் ஒற்றைப் படிகத்தை இழுத்தார்கள், அடுத்து சிலிக்கான் வந்தது. இன்று 1,414 டிகிரியில் உருகிய சிலிக்கானில் ஒரு சிறு விதைப் படிகத்தைத் தொட வைத்து, சுழற்றிக்கொண்டே மெதுவாக மேலே இழுக்கிறார்கள். 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை வருகிறது. அதைத் தகடுகளாக அறுத்துத்தான் சில்லுகள் செய்கிறார்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய மனிதர் போலந்திலேயே மறக்கப்பட்டது எப்படி?

பிரஷ்ய ஆட்சியில் இருந்த க்ட்சின்யா என்ற சிறு ஊரில் 1885இல் பிறந்தவர் அவர். ஜெர்மனியில் உழைத்து மேலே வந்தார். 1924இல் அவர் காப்புரிமை பெற்ற, வெள்ளீயம் சேராத பேரிங் உலோகம் ரயில்வேக்களில் பரவிப் பணமும் தந்தது. விடுதலை பெற்ற போலந்தின் குடியரசுத் தலைவர் இக்னட்ஸி மொஷ்சிட்ஸ்கி (அவரே ஒரு வேதியியல் பேராசிரியர்) அழைத்ததால், 1920களின் இறுதியில் வசதியான வாழ்க்கையை விட்டுவிட்டு வார்சா பாலிடெக்னிக்குக்கு வந்தார்.

போரின்போது ஜெர்மன் ஆக்கிரமிப்பில் அவருடைய உலோகப் பட்டறை இயங்கியது. போர் முடிந்ததும் எதிரிக்கு ஒத்துழைத்தார் என்று கைது செய்தார்கள். விசாரணையில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுவித்தார்கள். ஆனால் 1945 டிசம்பரில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு அவரைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டது. உலகப் புகழ் பெற்ற உலோகவியலாளர் சொந்த ஊருக்குத் திரும்பி, வீட்டு உபயோக ரசாயனப் பொருட்கள் செய்யும் சிறு தொழில் நடத்தினார். 1953இல் ரகசியப் போலீஸ் அவர் வீட்டைச் சோதனையிட்டதை அடுத்து மாரடைப்பு வந்து இறந்தார்.

போர்க்காலத்தில் அவர் போலந்தின் ரகசிய எதிர்ப்புப் படையான உள்நாட்டுப் படையின் உளவுப் பிரிவுக்கு உதவியதைக் காட்டும் ஆவணங்கள் பின்னர் கிடைத்தன. 2011இல் அதே பல்கலைக்கழகம் அவர் பெயரை மீட்டது. 2013ஐ சோஹ்ரால்ஸ்கி ஆண்டாக போலந்து நாடாளுமன்றம் அறிவித்தது. குற்றம் நிரூபிக்கப்படாமல் விடுவிக்கப்பட்ட பிறகும் சக பேராசிரியர்கள் கதவைச் சாத்தியது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

கேள்வி: உலகின் முதல் வெல்டிங் சாலைப் பாலம் போலந்தில்தான் கட்டப்பட்டதா?

ஆம். ஸ்டெஃபான் பிரிவா வடிவமைத்தார். வோவிச் நகருக்கு அருகே மவ்ஜிட்ஸே கிராமத்தில், ஸ்வுத்வியா ஆற்றின் மேல் 1929இல் முடிந்தது. நீளம் 27 மீட்டர்தான். ஆனால் அதுவரை எஃகுப் பாலம் என்றால் ரிவெட் அடித்துத்தான் இணைப்பார்கள். துளை போட்ட இடத்தில் தகடு பலவீனமாகும், இணைப்புத் தகடுகளால் எடையும் கூடும். வெல்டிங்கை நம்பி மனிதர்களையும் வண்டிகளையும் ஏற்ற முடியும் என்று பிரிவா காட்டினார். வெறும் துணிச்சலால் அல்ல. வெல்டிங் இணைப்புகளைச் சோதித்து, எஃகுக் கட்டுமானங்களுக்கான விதிமுறைகளையும் எழுதிய பிறகே செய்தார். வார்சாவின் புருடென்ஷியல் உயர்மாடிக் கட்டடத்தின் எஃகுச் சட்டகமும் அவருடையது.

ஜெர்மன் ஆக்கிரமிப்பில் போலந்து நாட்டவருக்கு உயர்கல்வி தடை செய்யப்பட்டது. பிரிவா ரகசியமாக வகுப்பு நடத்தினார். 1943 டிசம்பர் 3 அன்று வார்சாவில் சுட்டுக் கொன்றார்கள்.

கேள்வி: போலந்துக் கணிதம் என்றால் தூய கணிதம்தானே? பயன்பாட்டுக் கணிதத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒரே பெயர் போதும்: ஹியூகோ ஸ்டைன்ஹவுஸ். 1887இல் யாஸ்வோவில் பிறந்து, கோட்டிங்கனில் ஹில்பெர்ட்டிடம் 1911இல் முனைவர் பட்டம் பெற்றவர். 1916இல் கிராகோவின் பிளான்டி பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, லெபேக் தொகையீடு என்ற உயர்கணிதக் கருத்தைப் பற்றி யாரோ பேசுவது அவர் காதில் விழுந்தது. முறையாகப் பட்டம் எதுவும் பெறாத ஸ்டெஃபான் பனாக், நண்பர் ஒட்டோ நிக்கோடிமுடன் பேசிக்கொண்டிருந்தார். பனாக்கைக் கண்டதுதான் தன் மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்று ஸ்டைன்ஹவுஸ் சொல்வது வழக்கம். இருவரும் சேர்ந்து 1929இல் லுவூஃபில் தொடங்கிய ஸ்டுடியா மாத்தமாட்டிகா ஆய்விதழ் இன்றும் வருகிறது.

அவர் யூதர். 1941இல் ஜெர்மானியர்கள் லுவூஃபுக்குள் வந்ததும் வேறொருவர் பெயரில் கிராமங்களில் மறைந்து வாழ்ந்தார். நூலகம் இல்லை, தாள்கூட அரிது. ஜெர்மானியர் போர்முனையில் எத்தனை பேரை இழந்தார்கள் என்பதை அவர்கள் மறைத்தார்கள். ஸ்டைன்ஹவுஸ் உள்ளூர்ப் பத்திரிகைகளில் வந்த இரங்கல் அறிவிப்புகளை எடுத்துக்கொண்டார். இறந்தவர் குடும்பத்தின் முதல் மகனா, போரில் பலியான இரண்டாம் மகனா என்பது போன்ற சொற்கள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதிலிருந்து மொத்த இழப்பை மதிப்பிட்டார். உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்தவர் செய்த புள்ளியியல் அது. அவர் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

போருக்குப் பின் லுவூஃப் சோவியத் யூனியனுக்குப் போனதால், அங்கிருந்த போலந்துக்காரர்களில் பலரைப் போல அவரும் மேற்கே வ்ரொட்ஸ்வாஃபுக்கு வந்தார். மருத்துவர்கள், பொறியாளர்கள், உயிரியலாளர்கள் கேள்வியோடு வர, கணிதர்கள் பதில் தேடும் பழக்கத்தை அங்கே வளர்த்தார். வளைந்த கோட்டின் நீளத்தை அளக்கும் எளிய கருவி, எக்ஸ்ரே துணையோடு உடலுக்குள் இருக்கும் பொருளின் இடத்தைக் கண்டறியும் கருவி ஆகியவை அவர் கைவண்ணம். 1951இல் அவரும் நான்கு சகாக்களும் வெளியிட்ட "வ்ரொட்ஸ்வாஃப் வகைப்பாடு", புள்ளிகளை மிகக் குறைந்த மொத்த நீளத்தில் இணைத்துக் குழுக்களைக் காண்கிறது. 1956இல் அவர் எழுதிய இன்னொரு கட்டுரை, இன்று தரவறிவியல் மாணவர்கள் முதல் பருவத்திலேயே படிக்கும், தரவுகளைக் குழுக்களாகப் பிரிக்கும் கே-மீன்ஸ் முறையின் ஆரம்ப வடிவம்.

கேள்வி: ஒரு கணக்குக்கு வாத்து பரிசளித்தார்களாமே?

உயிருள்ள வாத்து. லுவூஃபின் ஸ்காட்டிஷ் காப்பிக்கடையில் பனாக், மசூர், உலாம் முதலிய கணிதர்கள் மேசைப் பளிங்கிலேயே கணக்குப் போடுவார்கள், பிறகு அதைத் துடைத்துவிடுவார்கள். பனாக்கின் மனைவி ஒரு தடித்த நோட்டைக் கொடுத்தார். 1935 முதல் 1941 வரை அதில் 193 கணக்குகள் சேர்ந்தன. 153ஆவதை 1936இல் எழுதிய மசூர், விடைக்கு வாத்து தருவதாகச் சொன்னார். 1972இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் என்ஃப்லோ தீர்த்தார். மசூர் வார்சாவில் வாத்தைக் கையில் கொடுத்தார்.

கேள்வி: முரசின் ஒலியைக் கேட்டே அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா என்று கேட்டவரும் போலந்துக்காரரா?

மார்க் காட்ஸ். இன்று உக்ரைனில் இருக்கும் க்ஷெமியெனியெட்ஸ் ஊரில் 1914இல் பிறந்தார். பொறியியல் படிப்பதாகத்தான் வீட்டில் எண்ணம். 1930 கோடையில் முப்படிச் சமன்பாட்டின் தீர்வு எங்கிருந்து வருகிறது என்று சொந்தமாகக் கண்டுபிடிக்கப் பித்துப் பிடித்தவர் போல் உட்கார்ந்தார். முடியாது என்று நினைத்த அப்பா, கண்டுபிடித்தால் 5 ஸ்வோட்டி தருவதாகச் சொன்னார். காட்ஸ் கண்டுபிடித்தார், அப்பா பணத்தைக் கொடுத்தார். அது ஓர் இளைஞர் கணித இதழில் வெளியானது; கணிதமே படி என்று ஊக்கமும் கிடைத்தது. லுவூஃபில் ஸ்டைன்ஹவுஸின் மாணவராக 1937இல் முனைவரானார். 1938 டிசம்பரில் உதவித்தொகையில் அமெரிக்கா போனார். போலந்தில் தங்கிய குடும்பத்தினர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள்.

முரசுக் கேள்வியை அவர் 1966இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். விளிம்பில் இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் அது குறிப்பிட்ட சில அதிர்வெண்களில் மட்டுமே அதிரும். அந்த அதிர்வெண்களின் முழுப் பட்டியலும் கையில் இருக்கிறது, முரசு கண்ணில் படவில்லை. வட்டமா, சதுரமா, வேறு உருவமா என்று சொல்ல முடியுமா? பரப்பளவைச் சொல்லலாம் என்று ஹெர்மன் வைல் 1911இலேயே நிறுவியிருந்தார்: அதிர்வெண்கள் உயரே போகப் போக எவ்வளவு நெருங்குகின்றன என்பதில் பரப்பளவு ஒளிந்திருக்கிறது. சுற்றளவும் கேட்கும். தோலில் ஓட்டைகள் இருந்தால் அவற்றின் எண்ணிக்கையும் கேட்கும் என்பதைக் காட்ஸ் நிகழ்தகவு வழியாக விளக்கினார். வெப்பம் பரவுவதையும், தடுமாறித் திரியும் துகள் விளிம்பை எட்டுவதையும் முரசின் ஒலியோடு இணைக்கும் அந்த வாதம், கல்லூரிக் கணிதம் படித்தவர்களுக்குப் புரியும்.

முழு விடை 1992இல் வந்தது. கரோலின் கார்டன், டேவிட் வெப், ஸ்காட் வோல்பெர்ட் மூவரும், வடிவத்தில் வேறுபட்டு அதிர்வெண்கள் அத்தனையும் ஒத்துப்போகும் இரு பலகோண முரசுகளைக் காட்டினார்கள். ஆக, எப்போதும் சொல்ல முடியாது. காட்ஸ் 1984இலேயே காலமாகிவிட்டார்.

கேள்வி: உலாம் ஹைட்ரஜன் குண்டுக்காரர்தானே?

அதுவும் அவர்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்டனிஸ்வாஃப் உலாம் 1933இல் லுவூஃப் பாலிடெக்னிக்கில் முனைவரானவர். பின்னர் அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வகமான லாஸ் அலமாஸில் பணிபுரிந்தார். ஆனால் அன்றாடப் பொறியியலுக்கு அவர் விட்டுச்சென்றது வேறு. 1946இல் நோயிலிருந்து தேறிவரும்போது தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். இந்த ஆட்டம் வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு? கணக்கிட்டுப் பார்த்து அலுத்தவருக்கு, நூறு முறை ஆடி எத்தனை முறை வென்றோம் என்று எண்ணிவிடலாமே என்று தோன்றியது. நியூட்ரான் ஓட்டத்துக்கும் இதையே செய்யலாம் என்று கணிதர் வான் நாய்மனிடம் சொன்னார். மான்டி கார்லோ முறை அங்கிருந்து வருகிறது.

ஒலியியலில் ஆர்வமுள்ளவர்கள் அவருடைய இன்னொரு வேலையைப் பார்க்க வேண்டும். 1950களின் முதற்பாதியில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவரும், நிரலெழுதிய மேரி சிங்கூவும், கணினிக்குள் ஓர் அதிரும் கம்பியை அமைத்தார்கள். புள்ளிகளை இணைக்கும் விசையில் சிறிதளவு நேரிலாத் தன்மை. ஒரு சுருதியில் தொடங்கிய ஆற்றல் எல்லாச் சுருதிகளுக்கும் மெல்லப் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். ஆற்றல் சிலவற்றுக்கு மட்டும் போய், கிட்டத்தட்ட முழுவதும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. வடிவம் குலையாமல் நெடுந்தூரம் செல்லும் சாலிட்டன் அலைகள் பற்றிய பிற்கால ஆய்வுக்கு இந்தப் புதிர்தான் விதை.

கேள்வி: ஒலியியல் போலந்தில் தனித் துறையாக எப்படி வளர்ந்தது?

முதல் காரணம் வானொலி, இரண்டாவது போர், மூன்றாவது கனரகத் தொழில். போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தில் இருந்த போலந்துப் படையின் யூசெஃப் கொசாட்ஸ்கி, கையில் பிடித்துச் செல்லும் கண்ணிவெடி காட்டியை 1941-42இல் வடிவமைத்தார். சுருளுக்கு அருகே உலோகம் வந்தால் மின்சமநிலை குலைந்து, காதில் மாட்டிய கருவியில் ஒலி மாறும். 1942இல் எல் அலமெய்ன் போரில் இத்தகைய 500 கருவிகள் பயன்பட்டன. அவர் காப்புரிமை எடுக்கவில்லை; கருவியைப் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். நன்றி தெரிவித்து மன்னரின் கடிதம் வந்தது.

போருக்குப் பிறகு வார்சாவில் அரங்குகளும் வானொலி நிலையங்களும் புதிதாக எழ வேண்டியிருந்தது. அறை ஒலியியலும் மீயொலியும் தெரிந்த இக்னட்ஸி மலெட்ஸ்கி அந்தத் தலைமுறையின் முன்னோடி. அறிவியல் கழகத்தின் அடிப்படைத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே லெஷெக் ஃபிலிப்சின்ஸ்கி உலோகத்தின் உள்விரிசலைத் தேடும் மீயொலியையும், பிறகு மருத்துவ மீயொலியையும் வளர்த்தார். கிராகோவில் ஸ்பிக்னியெவ் எங்கெல் எந்திரங்களின் இரைச்சலையும் அதிர்வையும் ஒன்றாகப் படிக்கும் அதிர்வொலியியலைக் கட்டியெழுப்பினார். சுரங்கமும் உருக்காலையும் நிறைந்த நாட்டில் அது தொழிலாளியின் காதைக் காக்கும் வேலை. 1976 முதல் வார்சாவிலிருந்து ஒலியியலுக்கென்றே ஓர் ஆங்கில ஆய்விதழ் வருகிறது.

கேள்வி: எனிக்மா என்ற ஜெர்மன் ரகசியக் குறியீட்டு எந்திரத்தின் குறியீட்டை உடைத்தது பிரிட்டிஷார் அல்லவா?

முதலில் உடைத்தவர்கள் போஸ்னான் பல்கலைக்கழகத்தின் கணித மாணவர்கள். அந்தப் பகுதி முன்பு பிரஷ்ய ஆட்சியில் இருந்ததால் அங்குள்ள மாணவர்கள் பலருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். அதனால் 1929இல் போலந்து ராணுவம் அங்கே ரகசியக் குறியீட்டு வகுப்பு நடத்தியது. மரியன் ரெயெஃப்ஸ்கி, யெஜி ரூஷிட்ஸ்கி, ஹென்ரிக் ஸிகால்ஸ்கி மூவரும் அதில் தேறியவர்கள். 1932 இறுதியில் ரெயெஃப்ஸ்கி, வரிசைமாற்றக் கோட்பாட்டையும் பிரெஞ்சு உளவுத்துறை தந்த ஆவணங்களையும் வைத்து, கண்ணால் காணாத எந்திரத்தின் உள் இணைப்புகளைக் காகிதத்தில் கண்டுபிடித்தார். ஒரு தடை மட்டும் மிஞ்சியது: விசைகள் எந்த வரிசையில் உருளைகளோடு இணைந்திருக்கின்றன? வணிக எந்திரத்தில் அது விசைப்பலகை வரிசை. அதை வைத்தால் சமன்பாடு பொருந்தவில்லை. ஜெர்மானியர் ஒழுங்கை விரும்புபவர்கள் என்று யோசித்து, நேராக அகரவரிசையைப் போட்டுப் பார்த்தார். கணக்கு பிடிபட்டது. பிரிட்டிஷ் நிபுணர்கள் இடறியது இதே இடத்தில்தான். 1939 ஜூலையில், வார்சாவுக்கு அருகே பிரி காட்டில், தெரிந்ததையெல்லாம் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

ரூஷிட்ஸ்கி 1942இல் கப்பல் விபத்தில் இறந்தார். ஸிகால்ஸ்கி இங்கிலாந்தில் கணிதம் கற்பித்தார். ரெயெஃப்ஸ்கி 1946இல் குடும்பத்தைத் தேடி நாடு திரும்பி, பிட்கோஷ்ச் நகரில் கணக்கு எழுதும் வேலைகளில் காலம் தள்ளினார். அடுத்த ஆண்டே 11 வயது மகன் போலியோவில் இறந்தான். தான் செய்ததைப் பற்றி 1970கள் வரை வெளியில் பேசவில்லை.

கேள்வி: நிலவில் ஓடிய காருக்கும் போலந்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மியெச்சிஸ்வாஃப் பெக்கர் வார்சாவில் படித்து, போலந்து ராணுவத்துக்காக மணலிலும் சேற்றிலும் சக்கரம் எப்படிப் புதைகிறது என்று ஆராய்ந்தவர். போரின்போது கனடா, பிறகு அமெரிக்கா. மண்ணுக்கும் வாகனத்துக்கும் உள்ள உறவைத் தனி அறிவியலாக்கினார். ஜெனரல் மோட்டார்ஸின் சான்டா பார்பரா ஆய்வகத்தில் அவர் குழு செய்த ஆய்வு, அப்பல்லோ 15, 16, 17 பயணங்களில் ஓடிய வாகனத்தின் கம்பி வலைச் சக்கரத்துக்கு வழிவகுத்தது.

கேள்வி: பெண்கள் யாரும் இல்லையா?

இருக்கிறார்கள், இன்னும் குறைவாகவே பேசப்படுகிறார்கள். அலிட்ஸ்யா டொரபியால்ஸ்கா 1934இல் லுவூஃப் பாலிடெக்னிக்கின் முதல் பெண் பேராசிரியரானார். துறை இயற்பிய வேதியியல். ஹெலெனா ரஷோவாவின் ஆய்வேடு, ஜெர்மானியருக்கு எதிரான 1944 வார்சா எழுச்சியில் எரிந்துபோனது. அவர் தாயோடு இடிபாடுகளின் கீழ் நிலவறையில் உயிர் பிழைத்தார், ஆய்வேட்டை மறுபடி எழுதினார். தர்க்கவியலைக் கணினி அறிவியலின் அடித்தளத்தோடு இணைத்தவர்களில் அவர் முக்கியமானவர். கிதான்ஸ்கில் மரியன்னா சன்கியேவிச்சும் கணவர் குஸ்தாஃப் புட்ஜின்ஸ்கியும் ஒலிப் பொறியியல் படிப்பை உருவாக்கினார்கள்.

கேள்வி: போரில் எத்தனை பேரை இழந்தார்கள்?

ஒரே ஓர் இரவைச் சொன்னால் போதும். 1941 ஜூலை 3 இரவு தொடங்கி விடிவதற்குள், லுவூஃபின் பேராசிரியர்களைக் குடும்பத்தோடு வீடு வீடாகப் பிடித்துச் சென்று ஜெர்மானியர்கள் சுட்டார்கள். கணிதர்கள் ஸ்டோஷெக், வோம்னிட்ஸ்கி ஆகியோர் அதில் இறந்தார்கள். அதே மாத இறுதியில், வரைவியல் வடிவியல் பேராசிரியரும் முன்னாள் பிரதமருமான கஜிமியெஷ் பார்டெலையும் சுட்டார்கள். பனாக் பிழைத்தார்: டைஃபஸ் தடுப்பூசி தயாரிக்கும் ருடால்ஃப் வைகல் நிறுவனத்தில், பேன்களுக்குத் தன் ரத்தத்தை உணவாகக் கொடுக்கும் வேலை அவருக்கு அடையாள அட்டை தந்தது. 1945 ஆகஸ்டில், போர் முடிந்த சில மாதங்களில், நுரையீரல் புற்றுநோயில் காலமானார். வயது 53.

கேள்வி: இவர்களில் யாருக்காவது தமிழர்களோடு தொடர்பு உண்டா?

சுப்பிரமணியன் சந்திரசேகர் வழியாக ஓர் உண்மையான தொடர்பு உண்டு. லுவூஃபிலும் கிராகோவிலும் பேராசிரியராக இருந்த மரியன் ஸ்மொலுஹோஃப்ஸ்கி, பிரௌனியன் இயக்கத்தின் (திரவத்தில் நுண்துகள்கள் தாறுமாறாக அசைவதன்) கோட்பாட்டை ஐன்ஸ்டைனைச் சாராமல் 1906இல் வெளியிட்டார். 1917இல் 45 வயதில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், நட்சத்திரங்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் தடுமாறுவதை ஆராய்ந்தபோது ஸ்மொலுஹோஃப்ஸ்கியின் கருத்துகளுக்குள் ஆழமாகப் போனார். 1943இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் அவை விரிவாக விளக்கப்பட்டுள்ளன. தற்செயல் நிகழ்வுகளைக் கொண்டு இயற்பியல் செய்ய விரும்பும் மாணவர்கள் பலர் இன்றும் அந்தக் கட்டுரையை நாடுகிறார்கள்.

கேள்வி: போலந்து போனால் இவர்கள் நினைவாக எதைப் பார்க்கலாம்?

கிராகோவின் பிளான்டி பூங்காவில் பனாக்கும் நிக்கோடிமும் உட்கார்ந்து பேசும் வெண்கலச் சிலைகளோடு ஒரு பெஞ்சு இருக்கிறது. போஸ்னானில் எனிக்மா அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். சோஹ்ரால்ஸ்கியின் கல்லறை க்ட்சின்யாவில். பிரிவாவின் பாலத்தை 1977இல் புதுப் பாலம் கட்டுவதற்காகச் சற்றுத் தள்ளி நகர்த்தி, நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். வார்சாவிலிருந்து வோவிச் வழியாக மேற்கே போகும் சாலையில், ஆற்றைக் கடக்கும்போதே கண்ணில் படும். எஃகுக் கட்டுமானம் படிப்பவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கி, கணுக்களில் வெல்டிங் ஓடியிருக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.